மழைக்கு முளைக்கும் கூண்: கன்னியாகுமரி மாவட்டக் காட்டுக் காளான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பிடித்துவிட்டால் இந்த மாவட்டத்தில் இரண்டு பக்கமிருந்து கேள்வி வரும். சமையற்கட்டிலிருந்து வருவது, "இதைத் தின்னலாமா?" கல்லூரி ஆய்வகத்திலிருந்து வருவது, "இதில் என்ன மருந்து இருக்கிறது?" இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, "இது எந்தக் காளான்?" கீழே உள்ள பதில்களில் பாதி அந்தக் கேள்வியிலேயே போய் முட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் கூண், அதாவது காளான், எப்போது, எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்க, நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகவே கிடைக்கிறது. அதனால் காளானுக்கும் இரண்டு காலம். ஒன்று ஆனி, ஆடிச் சாரல். இன்னொன்று ஐப்பசி அடைமழை. பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை, மாறாமலைப் பக்கத்து மலைக்காடுகள், குலசேகரம், அருமனை சுற்றிய ரப்பர் தோட்டங்கள், வீட்டை ஒட்டிய தென்னை விளைகள் எல்லாவற்றிலும் முளைக்கும். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும். ஒன்பது மணிக்கு மேல் போகிறவருக்குக் குழிதான் மிஞ்சும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது உண்மையா?

முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷிட்டாக்கே காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்திப் பார்த்தார்கள்; விளைச்சல் கூடியது. ஆனால் நம் விளையில் நடப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இடியோடு வரும் கனமழை மண்ணை ஊறவைக்கிறது, வெப்பத்தைத் தணிக்கிறது. மண்ணுக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் மொட்டுகளுக்கு அது போதும்.

புற்றுக்கூணை ஏன் சிப்பிக்காளான் போல வீட்டில் வளர்க்க முடிவதில்லை?

அதை வளர்ப்பது மனிதனல்ல, கறையான். டெர்மிட்டோமைசஸ் என்ற இந்தப் பேரினத்துக்கு 1942இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, தங்கள் கழிவைக் கொண்டு புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற மேடை கட்டுகின்றன. பூஞ்சை அதில் படர்ந்து, கறையானால் தனியாகச் செரிக்க முடியாத நாரை உடைத்துக் கொடுக்கிறது. கறையான் அந்த மேடையையே தின்று, புதிய மேடை கட்டுகிறது. இந்த விவசாயம் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்பது மரபணு ஆய்வுகள் தரும் கணக்கு.

நாம் பறிப்பது அந்தப் பூஞ்சை மழைக்காலத்தில் வெளியே நீட்டும் கனியுறுப்பை மட்டும்தான். மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் தண்டு வேர் போல மெலிந்து கீழே இறங்கும். அதன் முனை புற்றுக்குள் அந்த மேடையில் போய்ச் சேரும். பூஞ்சையை ஆய்வகத் தட்டில் மெதுவாக வளர்க்க முடிகிறது. ஆனால் குடை விரியவைத்து, கடைக்குக் கொண்டுவரும் அளவுக்கு விளைவிக்க இன்னும் வழி பிறக்கவில்லை. கறையான் புற்றுக்குள் வைத்திருக்கும் ஈரப்பதம், கரியமில வாயு, மற்ற பூஞ்சைகளைக் களையெடுக்கும் வேலை எல்லாவற்றையும் ஒரு ஷெட்டுக்குள் கொண்டுவருவது லேசான காரியமல்ல. ஆகவே புற்றை வெட்டி அழிக்காமல் விட்டால் அதே இடத்தில் மறுவருடமும் எதிர்பார்க்கலாம். மலைமக்கள் தங்களுக்குத் தெரிந்த புற்றுகளைக் கண்காணித்து வைத்திருப்பது இதனால்தான்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் புதிதாக விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், பெயரில் இருப்பது ரோஜர் ஹைம். சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில், அரிசி கொட்டியது போல முளைக்கும் அரிக்கூண் டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ். அதற்கு நீண்ட வேர் கிடையாது. கறையான்களே மேடைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து மண்மேல் பரப்ப, அதிலிருந்து முளைக்கிறது.

காட்டுக் காளான் எதுவுமே பயிராக மாறியதில்லையா?

ஏன் இல்லை? இன்று சந்தையில் வெள்ளை வெளேரென்று விற்கும் பால்காளான் மேற்கு வங்கத்தில் காட்டிலிருந்து எடுத்தது. 1974இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் அதை ஏ.பி.கே.2 என்ற ரகமாக வெளியிட்டது, அதிலுள்ள ஏ.பி.கே. அருப்புக்கோட்டை. வைக்கோல் காளானைக் கோயம்புத்தூரில் 1940களிலேயே வளர்த்துப் பார்த்துவிட்டார்கள். செத்த மரத்தை மட்கச் செய்யும் காளான் என்றால் வைக்கோலையும் மரத்தூளையும் கொடுத்து ஏமாற்றிவிடலாம். கறையானோடு கூட்டுக் குடித்தனம் நடத்துவதைத்தான் ஏமாற்ற முடியவில்லை.

நம் பக்கத்துக் காளான்களை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆம். மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் கிடைக்கும் உண்ணத்தகு காளான்களின் உணவுச் சத்தை அளந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. லென்டினஸ் டியூபர்ரீஜியம் என்ற இனத்தையும் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் காட்டு நிலையிலும் வளர்ப்பு நிலையிலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காளான் சுவாரசியமானது. மண்ணுக்குள், மட்கும் மரத்தை ஒட்டிக் கிழங்கு மாதிரி ஓர் உருண்டையைச் சேமித்து வைக்கும். நைஜீரியாவில் அந்த உருண்டையை இடித்துக் குழம்பைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள்.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், மஞ்சள்தூள் நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்ல கூண். இவை சரிதானா?

மூன்றும் தவறு, மூன்றாவது உயிரை எடுக்கும் தவறு. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். பூண்டு போட்ட குழம்பிலும் கறுக்கும். அமானிட்டா வகைக் காளான்கள் சிலவற்றில் இருந்து ஆளைக் கொல்லும் அமடாக்சின் என்ற நச்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது. நத்தையும் புழுவும் அமானிட்டாவைத் தின்றுவிட்டுச் சுகமாக ஊர்ந்து போகும். அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. "நன்றாக வேகவைத்தால் போதும்" என்பது நான்காவது பொய். அமடாக்சின் கொதிநிலையில் சிதைவதில்லை, காயவைத்தாலும் போகாது.

நம்மூர் விளைகளில் அதிகம் ஏமாற்றுவது எது?

குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ். வெப்பமண்டல நாடுகள் முழுக்க வயிற்றைக் கலக்கும் காளான்களில் முன்வரிசையில் நிற்பது. புல்வெளி, தென்னந்தோப்பு, பள்ளி மைதானம் என்று மனிதன் புழங்கும் இடத்தில்தான் வரும். பெரிய வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளான செவுள்களும் வெள்ளை, பார்க்கவும் மகா லட்சணம். முற்றினால்தான் செவுள் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். தின்ற ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு நீரிழப்பு ஆபத்தாகலாம்.

இதைப் பிடிக்க ஒரு வழி வித்துப் பதிவு. தண்டை வெட்டிவிட்டு, குடையின் செவுள் பக்கம் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் வைத்து, ஒரு பாத்திரத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். குளோரோஃபில்லத்துக்கு மங்கிய பச்சை. புற்றுக்கூணுக்கும் வைக்கோல் காளானுக்கும் வெளிர் இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்கு வெள்ளை. வைக்கோல் காளானுக்கும் அமானிட்டாவுக்கும் தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டு என்பதால், இந்த நிற வேறுபாடு முக்கியம்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சோதனை "வேண்டாம்" என்று சொல்ல உதவும், "தின்னலாம்" என்று சொல்ல உதவாது. இளஞ்சிவப்பு வித்துள்ள நச்சுக் காளான்களும் உலகில் உண்டு.

அமானிட்டா நச்சு எப்படிக் கொல்கிறது?

அமடாக்சின்களில் ஒன்றான ஆல்ஃபா அமானிட்டின் எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறிய மூலக்கூறு. அது உடலுக்குள் போய், மரபணுவைப் படித்துச் செய்தி எழுதும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. செய்தி நின்றால் புரதம் நிற்கும், புரதம் நின்றால் செல் சாகும். ஓயாமல் புரதம் செய்யும் ஈரல் முதலில் அடிபடுகிறது. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் போதும் என்பதால், பெரியவர் ஒருவருக்கு ஒரு காளானே அதிகம்.

இதன் சூது நேரத்தில் இருக்கிறது. தின்று 6 மணி நேரம் வரை, சில வேளை அதற்கும் அதிகமாக, ஒன்றுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தி, பேதி. அடுத்த நாள் அடங்கிவிடும். வீட்டார் "சரியாகிவிட்டது" என்று ஆறுதல் அடைவார்கள். அந்த இடைவெளியில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலையோடு மறுபடி கொண்டுபோகும்போது காலம் கடந்திருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

தின்ற பிறகு வயிறு சரியில்லை. என்ன செய்ய?

மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். மீதிக் காளானை, சமைத்ததானாலும், தாளில் பொதிந்து கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தின்றார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்ற இரண்டு நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஈரல் மீது கண் வைக்க வேண்டும் என்று அவர் புரிந்துகொள்வார். கூட உட்கார்ந்து சாப்பிட்ட மற்றவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களும் போக வேண்டும்.

கூணோடு மது அருந்தலாமா?

மைக்குடைக் காளான்கள் சிலவற்றில் கோப்ரின் என்ற பொருள் இருக்கிறது. அது மதுவை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். தின்று இரண்டு மூன்று நாள் கழித்துக் குடித்தாலும் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்டு ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம், நம் புற்றுக்கூணில் அது கிடையாது.

கூணுக்கு அந்த மணமும் இறைச்சி போன்ற ருசியும் எங்கிருந்து வருகின்றன?

மணம், ஆக்டீனால் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எட்டுக் கார்பன் ஆல்ககாலிலிருந்து. ஜப்பானில் 1930களில் மட்சுதாக்கே காளானில் இதைப் பிரித்தெடுத்தார்கள். முழுக் காளானை விட நறுக்கிய காளான் அதிகம் மணப்பதைக் கவனித்திருப்பீர்கள். செல் கிழிந்ததும் லினோலிக் அமிலத்தின் மேல் நொதிகள் பாய்ந்து இந்தப் பொருளை அந்த நேரத்திலேயே உண்டாக்குகின்றன.

ருசி, காளானிலுள்ள குளூட்டமேட், குவனிலேட் என்ற இரண்டு பொருட்கள் சேர்ந்து செய்யும் வேலை. தனித்தனியாக இருப்பதைவிட, சேரும்போது ருசி பல மடங்கு ஏறும். வறுத்த தேங்காய் அரைத்த கூண் தீயலில் கறிக்குழம்பின் சாயல் வருவது இதனால்தான். தண்ணீரில் கரையும் பொருட்கள் பல ஆதலால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் ருசியும் பி வைட்டமின்களும் அதோடு போகும். துவரன் வைப்பவர்கள் தண்ணீர் விடாமல், கூண் விடும் நீரிலேயே வற்றவைப்பது சரியான முறை.

இறைச்சிக்கு ஈடான புரதம் என்கிறார்களே?

இதில்தான் அதிகமாகக் கணக்குப் பிசகுகிறது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 என்ற எண்ணால் பெருக்குவார்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்ற அனுமானம் அது. காளானின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது, நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதமல்ல. அதனால் காளானுக்கு 4.38 என்ற எண்ணைப் பயன்படுத்துவதே வழக்கம்.

காய்ந்த காளானில் 5 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். 6.25ஆல் பெருக்கினால் 31 சதவீதப் புரதம், 4.38ஆல் பெருக்கினால் 22. பெருக்கும் எண்ணை மாற்றியதும் ஒன்பது சதவீதம் காணாமல் போயிற்று. அதோடு, இது காய்ந்த எடைக்கு. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் புரதம்தான் தேறும். நல்ல புரதம்தான், அமினோ அமிலங்கள் நன்றாகவே கலந்திருக்கின்றன. ஆனால் கட்டுரையில் "31 சதவீதம்" என்று கண்டால் எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று முதலில் பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நான் அந்த அட்டவணையை நம்ப மாட்டேன்.

குழந்தைக்கும் வயதானவருக்கும் ஏன் செரிப்பதில்லை?

மேலே சொன்ன கைட்டின் ஒரு காரணம். டிரெஹலோஸ் என்ற காளான் சர்க்கரை சிலருக்குச் செரிக்காமல் வயிறு உப்புவது இன்னொன்று. பொடியாக நறுக்கி, நன்றாக வேகவைத்து, கொஞ்சமாகக் கொடுங்கள். பச்சையாக எந்தக் காட்டுக் காளானும் வேண்டாம்.

வெயிலில் வைத்தால் வைட்டமின் டி வருமாமே?

வரும். காளானில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகிறது. நறுக்கி, செவுள் மேலே பார்க்கும்படி நடுப்பகல் வெயிலில் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நிழலில் உலர்த்தினால் இது நடக்காது. பிரச்சினை என்னவென்றால், கூண் வரும் காலத்தில் நமக்கு வெயில் வராது.

"ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் அதிகம்" என்று ஆய்வுகள் சொல்வதன் பொருள் என்ன?

பெரும்பாலும் டி.பி.பி.எச். என்ற சோதனையைச் சொல்கிறார்கள். ஊதா நிறக் கரைசலில் காளான் சாற்றை விட்டால் நிறம் வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று அளப்பார்கள். மலிவு, எளிது, ஒரு பிற்பகலில் முடியும்; அதனால்தான் முதுகலைத் திட்டப்பணிகளில் பாதி இதுவாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஊதாப் பொருள் நம் உடலில் இல்லை. சோதனைக் குழாயில் நிறம் வெளிறியது, நம் செல்லுக்குள் ஒன்றும் நடந்ததற்குச் சாட்சியல்ல. வைட்டமின் சியை அதே சோதனையில் அருகருகே வைத்து ஒப்பிடாத அளவீட்டுக்கு மதிப்பே இல்லை.

என் பார்வையில் இதைவிடச் சுவையான கதை எர்கோதயோனின். 1909இல் ரை தானியத்தைத் தாக்கும் எர்காட் பூஞ்சையில் கண்டெடுத்த கந்தக அமினோ அமிலம். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும் மட்டுமே செய்கின்றன. நம் உடலால் செய்ய முடியாது. ஆனாலும் அதை உள்ளே இழுத்துச் சேமிப்பதற்கென்றே நம் செல்களில் ஒரு கடத்திப் புரதம் இருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். சமையல் சூட்டையும் அது நன்றாகவே தாங்கும். நம் மலைக் காளான்களில் இதை இனம் இனமாக அளந்தால், இன்னுமொரு டி.பி.பி.எச். அட்டவணையைவிடப் பயன் அதிகம்.

ஜி.சி.-எம்.எஸ். அறிக்கையில் நாற்பது சேர்மங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் மருந்தா?

ஜி.சி.-எம்.எஸ். என்பது கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கருவி. அது தருவது பெயரல்ல, தெரிந்த சேர்மங்களின் பதிவு நூலகத்தோடு ஒப்பிட்ட ஊகம். அந்தப் பட்டியலில் தாலேட் என்று முடியும் பெயர்கள் இருந்தால் முதலில் உங்கள் பிளாஸ்டிக் குழாயையும் கரைப்பானையும் சந்தேகியுங்கள். அவை பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பவை. காளான் போடாத வெற்று மாதிரியை அதே கருவியில் ஓட்டிப் பார்த்தீர்களா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

புற்றுநோயைக் குணமாக்குமா?

கூண் குழம்பு குணமாக்காது. ஷிட்டாக்கேவிலிருந்து 1969இல் ஜப்பானியர் பிரித்த லென்டினான் என்ற பீட்டா குளூக்கன் (சர்க்கரைகள் கோத்த நீண்ட மூலக்கூறு), அந்நாட்டில் கீமோதெரபியோடு சேர்த்து ஊசியாகப் போடப்பட்டது. தூய்மைப்படுத்திய ஒற்றைப் பொருள், அளவிட்ட மருந்து, மருத்துவர் மேற்பார்வை. "எங்கள் காளான் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது" என்ற செய்தி தட்டில் வளர்த்த செல்லைப் பற்றியது. தட்டில் சோப்புத் தண்ணீர் விட்டாலும் செல் சாகும்.

ரப்பர் தோட்டத்துக் கூணைத் தின்னலாமா?

இனம் சரியாகத் தெரிந்தாலும், இடத்தைக் கேட்க வேண்டும். இலை உதிர்வு நோய்க்காக மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களுக்குத் தாமிர மருந்து தெளிப்பார்கள். அடியில் களைக்கொல்லியும் அடிப்பார்கள். காளான்கள் மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்ப்பதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. தோட்டக்காரரிடம் எப்போது தெளித்தீர்கள் என்று கேளுங்கள். அண்மையில் என்றால் விட்டுவிடுங்கள். பெருஞ்சாலை ஓரத்தில் முளைத்ததும் வேண்டாம்.

காட்டுக்குள் போய்ப் பறிக்கலாமா? மாதிரி எடுக்கலாமா?

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. ஆய்வுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். இந்த மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது.

ஆய்வாளர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1987இல் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் காணி வழிகாட்டிகளோடு நடந்தபோது, அவர்கள் களைப்பு தீர ஒரு செடியின் காயைத் தின்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ஜீவனி மருந்து வந்தது. 1995இல் உரிமம் விற்றபோது கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன, சண்டைகளும் வந்தன. ஆனாலும் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்பது அங்கே எழுத்தில் ஏறியது. நம் பக்கத்தில், எந்தக் காளான் உண்ணலாம் என்று ஒரு மூதாட்டி காட்டிக்கொடுத்ததைக் கட்டுரையில் "உள்ளூர் மக்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒப்புதல் பெற்று, அவர் விரும்பினால் பெயரைப் போடுங்கள்.

கல்லூரித் திட்டப்பணிக்குக் காளான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கே தொடங்க?

பறிக்கும் முன்னால் படம்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, செவுள் தெரிய. பக்கத்து மரம் என்ன, புற்று உண்டா என்று எழுதுங்கள். கத்தியால் தண்டை வெட்டாமல் அடியோடு தோண்டி எடுங்கள். கிண்ண உறையும் வேரும் மண்ணுக்குள்தான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகும், தாள் அல்லது வாழையிலை நல்லது. வித்துப் பதிவு எடுத்தபின் 40 டிகிரி அளவில் உலர்த்தி, எண்ணிட்டு, உலர் மாதிரிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் ஏதேனும் ஒன்றில் ஒப்படையுங்கள். ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி 2012இல் பூஞ்சைகளுக்கான அடையாளக் குறியாக ஏற்கப்பட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்புக்கொண்டால் உங்கள் மாதிரியில் அந்தப் பகுதியின் எழுத்து வரிசையையும் ஆய்வகத்தில் கண்டறிந்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் வேதியியல். ஒப்படைத்த மாதிரி இல்லாத ஆய்வை நாளைக்கு யாரும் சரிபார்க்க முடியாது. நீங்கள் ஹெய்மி என்று எழுதியது வேறொரு இனமாக இருந்தால், அளந்த எண்கள் எதற்குச் சொந்தம் என்று யார் சொல்வது?

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் தின்னலாமா என்று சொல்வீர்களா?

மாட்டேன். செல்போன் செயலி சொல்வதையும் நம்பிச் சமைக்காதீர்கள்.